சாயம் ஊற்றும் பட்டன்

"மேடம், நான் பண்ணுன கம்ப்யூட்டர் ஸ்கிரீன்ல ஒரு தப்பும் இல்லைங்க. தப்பு பூரா அழுத்தறவனுங்க கையிலதான்."

வந்ததும் வராததுமாகப் பொரிந்து தள்ளினார் சென்னியப்பன்.

ஈரோட்டுச் சாயப்பட்டறை ஒன்றில் மேற்பார்வையாளர் அவர். ஐம்பதைத் தாண்டிய பிறகு பூங்கோதையிடம் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டவர். பூங்கோதைக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் குரு குருதான்.

மடிக்கணினியைத் திறந்து காட்டினார். மேல் பேனலில் தொட்டிகளின் பெயர்கள். கீழ்ப் பேனலில் நிறத்துக்கு ஒரு பட்டன். ஒருமுறை அழுத்தினால் ஓர் அளவு சாயம் குழாய் வழியே தொட்டியில் இறங்கும். யாரிடமும் இரவல் வாங்காமல் ஒவ்வொரு வரியும் அவரே எழுதியது. அந்தப் பெருமை அவர் முகத்தில் வழிந்தது. வழியட்டுமே, அதில் என்ன குற்றம்?

"நல்லா இருக்குதுங்ணா," என்றாள் பூங்கோதை. அவள் லேசில் அப்படிச் சொல்கிறவள் அல்ல.

"ஆனா இளம் மஞ்சள் கேட்டா காவி நிறமா வருதுங்க. ஒரு தடவை அழுத்துனாப் போதும். பொறுமையில்லாம டொக்கு டொக்குன்னு அழுத்திக்கிட்டே இருக்கானுங்க. நாளைக்குள்ள சரியாகலைன்னா இதைக் கழட்டிப் போட்டுட்டு, பழையபடி கையிலயே ஊத்தச் சொல்லிட்டாரு முதலாளி."



"அழுத்துனதும் ஸ்கிரீன்ல என்ன தெரியும்?"

"ஒன்னும் தெரியாதுங்க. சாயம் இறங்க அரை நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் ஸ்கிரீன் கழுவி விட்ட மாதிரி சுத்தமா இருக்கும். அதுதானுங்களே அழகு!"

பூங்கோதை நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தாள்.

"மேடம்?"

பதில் இல்லை.

"மேடம், இதுக்கு என்ன வழிங்க?"

அவள் அசையவே இல்லை.

சென்னியப்பனுக்குச் சுருக்கென்றது. பட்டறையில் அவர் ஒரு குரல் கொடுத்தால் நாலு பேர் ஓடி வருவார்கள். "மேடம்!" என்று மேசையைத் தட்டிக் கத்தினார்.

அவள் திரும்பினாள். "ஏனுங்ணா இத்தனை தடவை கூப்பிடறீங்க?"

"நீங்க வாயே திறக்கலையே! உங்களுக்குக் கேட்டுச்சா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"முதல் தடவையே கேட்டுச்சுங்க."

 சென்னியப்பன் மெதுவாகத் தன் ஸ்கிரீனைப் பார்த்தார்.

கணினியைத் தன் பக்கம் இழுக்கக் கை நீட்டினாள் பூங்கோதை.

"விடுங்க மேடம்," என்றார் அவர். "என் பட்டனுக்குப் பதில் சொல்ல நானே கத்துக்குடுப்பேன்."