குப்பைமேடு ஏறிய செடி

அந்தக் காலத்தில் செடிகளுக்குப் பேசத் தெரியும், நடக்கவும் தெரியும். ஆனால் வடிவாம்பாள் வீட்டுத் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. குப்பைமேட்டில் வேர் பட்ட செடி மறுபடி வேலிக்குள் வரக்கூடாது.

அங்கே மல்லிகைக்குப் பக்கத்தில் பெயரில்லாத ஒரு பச்சைச் செடி நின்றது. வாசமில்லை, சொல்லிக்கொள்ளும்படியான பூவுமில்லை. வீட்டுப் பூனை மட்டும் மதியத்தில் அதன் நிழலில் வந்து படுக்கும்.

ஒரு மழைக்காலத்தில் பூனைக்குச் சிரங்கு வந்தது. வடிவாம்பாள் அதையும் அதன் மூன்று குட்டிகளையும் கூடையில் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் விட்டாள். குட்டிகளுக்கும் தொற்றிவிட்டது, கடைக்குட்டி பால் குடிக்கக்கூட எழவில்லை என்று காகம் வந்து சொன்னது.

தன் இலைச்சாறு புண்ணை ஆற்றும் என்று செடிக்குத் தெரியும். புழு கடித்த தன் தண்டை அப்படித்தான் ஆற்றிக்கொள்ளும். அது வேரை உருவிக்கொண்டு புறப்பட்டது.

"போனால் திரும்ப முடியாது, தெரியுமில்லையா?" என்றது மல்லிகை.

"தெரியும் அக்கா."

"அப்புறம் உன்னைக் குப்பைமேனி என்றுதான் கூப்பிடுவோம்."

மற்ற செடிகளின் சிரிப்பு வேலி தாண்டும்வரை கேட்டது.

மேட்டில் ஏறியதும் செடி தன் இலைகளைக் கசக்கிப் புண்களில் பிழிந்தது. எரிச்சல் தாங்காமல் பூனை சீறித் தண்டைக் கீறியது.

"கீறிக்கொள். இன்னும் இலை இருக்கிறது" என்றது செடி.

ஏழாம் நாள் கடைக்குட்டி எழுந்து தாயின் வாலைக் கடித்தது. பூனை தலையைத் தாழ்த்திச் செடியின் வேரடியில் நெற்றியைத் தேய்த்தது.

அடுத்த மாதம் வடிவாம்பாளின் மகளுக்கே சிரங்கு. அந்தச் செடியடியில் படுத்திருந்த பூனையின் முதுகில் புதுமயிர் மினுங்குவதைப் பார்த்த வடிவாம்பாள், குப்பைமேட்டின் கீழே வந்து நின்றாள். வேலியைத் திறந்து வைத்திருப்பதாகவும், மல்லிகைக்கு முன்னால் இடம் தருவதாகவும் சொன்னாள்.

"இலை எவ்வளவு வேண்டுமானாலும் பறித்துக்கொள்ளுங்கள் அம்மா. ஆனால் விரட்டப்பட்டவர்கள் வந்து விழுகிற இடம் இது. நான் இங்கேதான் இருப்பேன்."

"உன்னை என்னவென்று கூப்பிடுவது?"

"குப்பைமேனி" என்றது செடி, நிமிர்ந்து நின்று.

சாம்பலிலும் சாணத்திலும் கால் புதைய வடிவாம்பாள் மேலே ஏறினாள். இலை பறித்து, மஞ்சளும் உப்பும் சேர்த்து அரைத்துப் பூசினாள். மகளின் புண் ஆறியது.

அன்று முதல்தான் குப்பைமேனி யாரும் நடாமலே குப்பைமேட்டில் முளைக்கிறது. வேண்டியவர்கள் அங்கே போய்க் குனிந்து பறிக்கிறார்கள். அதன் வேரைக் கண்டால் எந்த வீட்டுப் பூனையும் தலை தாழ்த்துகிறது.