கடம்பன் சொல்ல வந்த செய்தி

மலையடிவாரத்து ஏரிக்கரையில் கடமான்கள் கூட்டமாக மேய்ந்து வந்தன. அந்தக் கூட்டத்தில் பூளை என்றொரு தாய்மான் இருந்தாள். அவளுக்கு வளர்ந்த பிள்ளைகள் இருவர். மகள் தாழை, ஒரு குட்டிக்குத் தாயாகிவிட்டவள். மகன் கடம்பன், மூன்று கிளை விட்ட கொம்போடு நிமிர்ந்து நடப்பவன்.

பொழுது விடிந்ததும் தாழை குட்டியோடு வந்து அம்மாவின் கழுத்தில் முகம் புதைப்பாள். இருவரும் உரசியபடியே மேய்வார்கள். காட்டுக்கதை எல்லாம் பேசுவார்கள்.

"பெற்றால் இப்படி ஒரு மகளைப் பெற வேண்டும்! என்ன ஒட்டுதல்!" என்று மற்ற மான்கள் மெச்சும்.

கடம்பனும் வருவான். அம்மாவின் தோளில் தாடையை வைத்துச் சற்று நேரம் நிற்பான். அவ்வளவுதான், கூட்டத்தில் சிரிப்பு கிளம்பிவிடும்.

"கொம்பு முளைத்து என்ன பயன்? இன்னும் பால் மறக்கவில்லை போலிருக்கிறதே!" என்பாள் கருங்காது என்ற மான். பூளைக்குப் பக்கத்திலேயே மேய்பவள் அவள். "அக்கா, நான் சொல்வதைக் கேள். ஆண்பிள்ளையை இப்படி ஒட்டவிட்டால் உருப்படமாட்டான். விரட்டிவிடு!"

அந்தச் சிரிப்பு பூளைக்கு முள்ளாய்க் குத்தியது. ஒருநாள் மகனைத் தனியே அழைத்தாள்.

"கடம்பா, இனி நீ ஏரிப் பக்கம் வராதே. மேட்டுச் சரிவில் போய் இரு."

"நான் என்னம்மா தப்பு செய்தேன்?"

"தப்பெல்லாம் ஒன்றுமில்லை. நாலு பேர் சிரிக்கிறார்கள்."

"தாழை வந்தால் யாரும் சிரிப்பதில்லையே!"

"அவள் பெண். நீ ஆண். போ!"

அவன் சரிவை நோக்கிப் போய்விட்டான்.

அன்று முதல் பூளையை அச்சம் பிடித்துக்கொண்டது. சரிவில் அவன் தனியாள். சருகு நொறுங்கினால் அவள் காது நிமிரும். காக்கைகள் கூடிக் கரைந்தால் சரிவையே பார்ப்பாள். எதைச் சுற்றிக் கரைகின்றனவோ? வாய் விட்டுச் சொல்லவும் வழியில்லை. சொன்னால் அதற்கும் சிரிப்பார்கள்.

ஒரு காலை. பனி இன்னும் விலகவில்லை. புதருக்குப் பின்னால் கடம்பன் வந்து நின்றான். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

"அதோ, பால்குடி வந்துவிட்டான்!" என்றாள் கருங்காது. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

பூளைக்கு முகம் எரிந்தது. முன்காலால் தரையை ஓங்கி அடித்தாள்.

"வராதே என்றேனே!"

"அம்மா, ஒரே ஒரு வார்த்தை..."

"ஒன்றும் வேண்டாம். போ!"

அவன் திரும்பிப் போனான். அவன் பனிக்குள் மறைந்த பிறகுதான் பூளைக்கு உறைத்தது. அவன் விலா படபடத்துக்கொண்டிருந்தது. வால் விறைத்து நின்றது. பாசத்துக்கு வந்த மான் அப்படி நிற்காது. ஆபத்தைக் கண்ட மான்தான் அப்படி நிற்கும்!

கூப்பிடலாம் என்று வாயெடுத்தாள். அதற்குள் சரிவிலிருந்து ஒரு சீழ்க்கை கேட்டது. மெல்லிய, நீண்ட சீழ்க்கை. வேறொரு மூலையிலிருந்து அதற்குப் பதில் வந்தது.

செந்நாய்கள்!

மான்கள் எல்லாம் ஏரிக்குள் பாய்ந்தன. குட்டிகளை நடுவில் விட்டு, நெஞ்சளவு நீரில் நெருக்கியடித்து நின்றன. பனி அவற்றை மூடிக்கொண்டது. ஒருவரும் மூச்சு விடவில்லை.

மேலே செடிகள் முறியும் ஓசை. குளம்புகள் கல்லில் தெறிக்கும் ஓசை. மகனின் ஓட்டத்தைப் பூளை அறிவாள். அந்த ஓட்டம் ஏரியை விட்டு விலகி விலகிப் போனது.

'ஐயோ, தண்ணீருக்கு வந்தால் பிழைப்பானே! ஏன் அந்தப் பக்கம் ஓடுகிறான்?'

ஏன் என்று அவளுக்கே தெரிந்தது. ஏரிப் பக்கம் வராதே என்று சொன்னவள் அவள்தானே!

அவள் கழுத்தை உயர்த்துவதைக் கருங்காது பார்த்துவிட்டாள்.

"கத்திவிடாதே! எல்லோரையும் காட்டிக்கொடுத்துவிடுவாய்!" என்று கிசுகிசுத்தாள். "ஆண்பிள்ளை, அவனே சமாளித்துக்கொள்வான்!"

"ஓடுவது தாழை என்றால் இப்படிச் சொல்வாயா?" என்றாள் பூளை. பிறகு காடே அதிரக் கூப்பிட்டாள்.

"கடம்பா! ஏரிக்கு வா! அம்மாவிடம் வா!"

ஓசை நின்றது. கேட்டானா? விழுந்துவிட்டானா?

குளம்புகள் மறுபடி தெறித்தன. இம்முறை ஏரியை நோக்கி!

பனியைக் கிழித்துக்கொண்டு கடம்பன் வந்தான். பின்னங்காலில் ஒரு செந்நாய் தொங்கியது. இன்னும் ஆறு அவனை ஒட்டி வந்தன. பூளை கரைக்குப் பாய்ந்தாள். தொங்கிய நாயின் மேல் முன்கால்களை இறக்கினாள். தாழையும் ஓடிவந்து உதைத்தாள். பிடி விட்டது. மூவரும் நீருக்குள் விழுந்தார்கள்.

செந்நாய்கள் வெயில் ஏறும்வரை கரையைச் சுற்றிச் சுற்றி வந்தன. ஆழத்தில் இறங்கத் துணியாமல், கடைசியில் காட்டுக்குள் போய்விட்டன.

கடம்பனின் காலிலிருந்து இரத்தம் நீரில் கரைந்துகொண்டிருந்தது. அவன் அம்மாவின் தோளில் தாடையை வைத்தான். ஒருவரும் சிரிக்கவில்லை.

"விடியும்போதே பார்த்துவிட்டேன் அம்மா. ஏழு நாய்கள். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"சொல்லியிருக்கலாமே, என் கண்ணே!"

"நீ போ என்றாயே."

பூளை குனிந்தாள். மகனின் காயத்தை நக்கிக்கொடுத்தபடியே நின்றாள்.

கருங்காது மெல்ல அருகில் வந்தாள்.

"கடம்பா, போன கோடையில் என் மகனையும் நான் அந்தச் சரிவுக்கு விரட்டினேன். அவனை எங்கேயாவது பார்த்தாயா?"

கடம்பன் தண்ணீரையே பார்த்தான்.

"சரிவில் என்னைத் தவிர வேறு மானே இல்லை, சித்தி."

மகளுக்குத் திறந்து வைத்த மடியை, ஊர் சிரிக்குமென்று மகனுக்கு மட்டும் மூடும் பெற்றோர், ஆபத்து வரும் நாளில் அவன் குரலையும் இழந்து நிற்பார்கள்.