ஏழாம் எண் இல்லாத தாள்

நூலகர் எஸ்தருக்கு முப்பத்தெட்டு வயது. அவரிடம் தொழில் படித்த தனுஷ்கோடிக்கு ஐம்பத்திரண்டு. வழக்கறிஞர் சங்க நூலகத்தில் இதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. பழைய சட்டத்தைப் புதிய சட்டம் திருத்துவதுதானே அங்கே வழக்கம்.

திங்கட்கிழமைதோறும் எஸ்தர் ஒரு தகவல் தாள் தயாரிப்பார். வந்த திருத்தங்கள், புதிய தீர்ப்புகள், செல்லாமல் போன பழைய தீர்ப்புகள் எல்லாம் எண்ணிட்டு அதில் வரும். தனுஷ்கோடி தட்டச்சு செய்து பலகையில் ஒட்டுவார். அதை முழுதாகப் படிக்கிறவர், அவர் அறிந்தவரை, அவர் ஒருவரே.

அந்தத் திங்கள், சங்கத் தலைவர் சேதுமாதவன் கண்ணில் வரைவு பட்டுவிட்டது. ஏழாவது செய்தி: இருபது வருஷமாகக் கட்டட உரிமையாளர்களைக் காப்பாற்றி வந்த தீர்ப்பு ஒன்று இனிச் செல்லாது. புதன்கிழமை நீதிமன்றத்தில் அந்தத் தீர்ப்பைக் காட்டித்தான் அவர் ஒரு தையல்காரரைக் கடையைவிட்டு வெளியேற்ற இருந்தார். எதிர்த்தரப்பில் ஃபர்சானா, போன வருஷம் பதிவு செய்த வழக்கறிஞர்.

பொய் எழுதச் சொல்லவில்லை, ஏழாவதை மட்டும் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள் என்றார் தலைவர் எஸ்தரிடம். தனுஷ்கோடியை வேலையில் நிரந்தரமாக்கும் உத்தரவு தன் கையெழுத்துக்காகக் காத்திருப்பதையும், போகிறபோது, நலம் விசாரிக்கிற குரலில் நினைவூட்டினார்.

பக்கத்தில் நின்ற தனுஷ்கோடி வரைவைக் கையில் எடுத்தார். என்ன செய்யட்டும் என்று எஸ்தரிடம் கேட்டார்.

"எடுத்துருங்கண்ணே."

அவருக்கு உயிர் வந்தது. கூடவே கொஞ்சம் வெட்கமும் வந்தது. ஏழாவதை நீக்கிவிட்டு, எட்டை ஏழாக்கப் போனார்.

"எண்ணை ஏன் தொடறீங்க? அதை அவர் சொல்லலையே."

ஆறுக்குப் பிறகு எட்டு என்று போகும் தாள் பலகை ஏறியது. விடுபட்டதைத் தேடிப் பிழைக்கிறவர்கள் நிறைந்த கட்டடம் அது. பதினொரு மணிக்குள் கவுண்டரில் வரிசை நின்றது. யார் கேட்டாலும் தீர்ப்பை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது நூலக விதி. எஸ்தர் விதி தவறாதவர். ஃபர்சானா மூன்றாவது ஆளாக வந்து நகல் வாங்கிப் போனார்.

மதியம் தலைவர் வந்தார். எஸ்தர் பக்கம் திரும்பவே இல்லை. நேரே தனுஷ்கோடியிடம் போய், இந்த நிமிஷமே எட்டை ஏழாக்கு, யாராவது கேட்டால் அப்படி ஒரு செய்தியே இருந்ததில்லை என்று சொல் என்றார்.

தனுஷ்கோடி எஸ்தரைப் பார்த்தார். எஸ்தர் புது வரவுகளுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எழுத்துல குடுங்க சார்" என்றது ஒரு குரல். தன்னுடையதுதானா என்று தனுஷ்கோடிக்கே சந்தேகம். "பலகைல ஒட்டிடறேன். ஏழாவது இடம் காலியாத்தான் இருக்கு."

வரிசையில் நின்ற யாரோ இருமிச் சிரிப்பை மறைத்தார்கள். தலைவர் போனார். உத்தரவும் அவரோடு போனது என்பதில் அங்கிருந்த எவருக்கும் ஐயமில்லை.

கூட்டம் கலைந்த பிறகு தனுஷ்கோடி நாற்காலியை இழுத்துப்போட்டு எஸ்தரின் எதிரே உட்கார்ந்தார்.

"காலைலயே நீங்க முடியாதுன்னு சொல்லியிருந்தா என் வேலை அப்பவே போயிருக்கும் மேடம். எதுக்கு இந்தச் சுத்து?"

எஸ்தர் அடுத்த புத்தகத்தைத் திறந்தார்.

"அப்ப போயிருந்தா, அது என் துணிச்சலுக்கு விலையாப் போயிருக்கும்ண்ணே."