பிரதானிக்குக் கிடைத்த குதிரை மரியாதை

"நம்ம கால்ல வெடிப்பு, ராசா குதிரை கால்ல பட்டு. ஆனா நாத்தம் என்னவோ அங்கேதான்."

புல்லுக்கட்டோடு போன இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது, பின்னால் வந்த அரண்மனைப் புலவர் வண்ணமுத்துக் கவிராயர் காதில் விழுந்தது. அவர் நேரே லாயத்துக்குள் நுழைந்தார்.

பட்டத்துக் குதிரை மேகராசன் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. போரில் வென்று வந்த குதிரையின் குளம்புகளுக்குப் பட்டுச் சுற்றி, காலையும் மாலையும் பன்னீர் ஊற்றலாம் என்று யோசனை சொன்னவர் தலைமை மந்திரியான பிரதானி அதிமூலம். ராசா கொற்றப்ப நாயக்கர் தம் கையாலேயே சுற்றி முடிச்சுப் போட்டார். ராசா போட்ட முடிச்சை ராசாதான் அவிழ்க்கலாம் என்பது அரண்மனை வழக்கம்.

"உள்ளே குளம்பு அழுகுது, கவிராயரே," என்றார் லாயக்காரர் மீரான் ராவுத்தர். "அழுகலைச் சுரண்டி, படிகாரத் தண்ணியில கழுவி, வேப்பெண்ணெய் தடவி, காய்ஞ்ச மணல்ல நிறுத்தினா ஆறிடும். பட்டை அவிழ்க்கணும்னு சொன்னேன். ராசா குடுத்த மரியாதையைக் குறை சொல்றேன்னு பிரதானி வத்தி வச்சுட்டார். தேர்த் திருவிழாவுக்குள்ள குதிரை நடக்கலைன்னா நான் குடும்பத்தோட ஊரைவிட்டுப் போகணுமாம்."

கவிராயர் சபைக்குப் போனார்.

"மகாராசா, குதிரைக்கு இத்தனை பெரிய மரியாதை. அதை யோசித்துச் சொன்ன பிரதானிக்கு ஒன்றும் இல்லையா? ஊர் என்ன பேசும்?"

ராசாவுக்கு அது நியாயமாகப் பட்டது. பிரதானிக்கு உச்சி குளிர்ந்தது. அன்றே அவருடைய இரண்டு பாதங்களிலும் ராசா பட்டுச் சுற்றி முடிச்சுப் போட்டார். வேளை தவறாமல் பன்னீரும் வந்தது.

முதலில் பிரதானி காலை நீட்டி நீட்டி எல்லாருக்கும் காட்டினார். பிறகு ஒரு காலால் மறுகாலைத் தேய்த்தார். அப்புறம் தூணில் தேய்த்தார். வாரம் திரும்புவதற்குள் அவருக்குப் பக்கத்து ஆசனங்கள் காலியாகிவிட்டன.

"என்ன பிரதானி, நொண்டுகிறீர்?" ராசா மூக்கைப் பொத்தியபடி கேட்டார்.

"ஒன்றுமில்லை மகாராசா. மரியாதை கொஞ்சம் அரிக்கிறது."

"லாயக்காரரை இன்றைக்கே துரத்திவிடலாமா?" என்று கவிராயர் பணிவாகக் கேட்டார். "பட்டுக்குள் கால் கெட்டால் அவர்தானே பொறுப்பு?"

ராசா பிரதானியின் காலையும் கவிராயரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குனிந்து பிரதானியின் கட்டை அவிழ்த்தார். விரலிடுக்கெல்லாம் வெளுத்துப் புண்ணாகிக் கிடந்தது. ராசாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே லாயத்துக்கு நடந்து, குதிரையின் கட்டுகளையும் அவிழ்த்தார்.

"ராவுத்தரே, நீர் எங்கேயும் போக வேண்டாம். வைத்தியத்தைப் பாரும்."

ராவுத்தர் குதிரையின் காலை மடக்கிப் பிடித்துச் சுரண்டத் தொடங்கினார். வாசலில் நின்ற பிரதானி அங்கும் இங்கும் பார்த்தார். மெல்ல நொண்டி வந்து, குதிரைக்குப் பக்கத்தில் காய்ந்த மணலில் உட்கார்ந்து, வேப்பெண்ணெய்க் கிண்ணத்தின் பக்கம் தம் காலை நீட்டினார்.