இறுகிய இஞ்சின்

பிலோமியின் ஒர்க்‌ஷாப்பில் தொழில் பழகச் சேர்ந்தபோது வேலாயுதத்துக்கு வயது அறுபது. குருவுக்கு முப்பத்தெட்டு. ஊரே சிரித்தது. தன் பழைய மோரிஸ் காரைத் தன் கையாலேயே ஓட வைக்க வேண்டும் என்று அவருக்குப் பிடிவாதம். மகள் சொல்லாமல் கொள்ளாமல் கல்யாணம் செய்துகொண்டு போன அன்று கொட்டகையில் பூட்டிய கார் அது.

இன்று மூன்று மணி ரயிலில் மகள் வருகிறாள். போன பிறகு இதுதான் முதல் முறை.

காலையில் காரின் முன்னால் ஹேண்டிலைப் போட்டு இஞ்சினைச் சுற்றிப் பார்த்தார். இம்மிகூட அசையவில்லை.

"பிளக்கைக் கழட்டி ஆயில் ஊத்தியாச்சு. இனி ஊறட்டும், அண்ணாச்சி" என்றாள் பிலோமி.

"எப்ப இளகும், மேஸ்திரி?"

"இளகும்போது இளகும்."

அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பிலோமி கை கழுவப் போன நேரம் பார்த்து, டீக்கடையிலிருந்து நாலு பேரைக் கூட்டி வந்தார். கியரைப் போட்டுத் தள்ளினால் கிளம்பிவிடும் என்று அங்கே யாரோ உசுப்பேற்றியிருந்தார்கள்.

பிலோமி வந்து பார்த்தாள். சாப்பாட்டுத் தூக்கோடு முன் சக்கரத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தாள். தள்ள வந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

"எந்திரிங்க மேஸ்திரி! ரயில் வந்துரும்."

"இறுகிக் கெடக்கிறதை வம்பாத் தள்ளுனா உள்ளே பிஸ்டன் ரிங் ஒடைஞ்சிரும். பிறகு ஓடவே ஓடாது."

"எம் மக சின்னப் பிள்ளையில இந்தக் கார்லதான் பள்ளிக்கூடம் போவா. இதைப் பாத்தான்னா..." அவர் காரின் கதவைத் தடவினார். "இது இல்லாம நான் எப்படிப் போய் நிப்பேன்? என்னைப் பாத்ததும் மொகத்தைத் திருப்பிக்கிட்டான்னா?"

பிலோமி கடைசி வாயைச் சாப்பிட்டுவிட்டுத் தூக்கை மூடினாள்.

"போன்ல மக என்ன கேட்டா?"

"'ஸ்டேஷனுக்கு வருவீங்களாப்பா'ன்னு கேட்டா."

"கார்ல வருவீங்களான்னு கேட்டாளா?"

வேலாயுதம் கையில் ஹேண்டிலை இறுகப் பிடித்திருந்தார்.

பிலோமி எழுந்து ஹேண்டிலை வாங்கிக்கொண்டாள்.

"இது எத்தனை நாள் வேணும்னாலும் ஊறிக்கிட்டுக் கெடக்கும். ரயில் ரெண்டு நிமிசந்தான் நிக்கும். கையில இருக்கிற கரியைத் தொடைக்கக்கூட நிக்காதீங்க, அண்ணாச்சி."