ஆளிச் செடியின் கோபம்

செடிகொடிக்கும் துணிமணிக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், அயர்லாந்தின் வடக்கே ஓர் ஆற்றங்கரையில் சோர்கா என்றொரு நெசவுக்காரி இருந்தாள். நீலப் பூப் பூக்கும் ஆளிச் செடியைத் தானே பயிரிட்டு, தண்டிலிருந்து நார் எடுத்து, லினன் துணி நெய்தாள். ஒவ்வொரு துணியின் ஓரத்திலும் தன் ஊர்ப் பெயரைத் தைத்தாள். அந்தப் பெயர் இருந்தால் யாரும் இழுத்துப் பார்த்து வாங்குவதில்லை.

ஒரு நாள் பக்கத்து ஊர் ஊனா வந்து, கிழிந்த ஈரத் துணி ஒன்றைத் தறிமேல் வீசினாள்.

“செத்துப்போன என் கணவரை இதைத்தான் போர்த்திக் கொண்டுபோனோம். வழியில் மழை. துணி இற்றுப்போய், ஊரே பார்க்க அவர் உடம்பு வெளியே தெரிந்தது. இதை விற்க உனக்கு எப்படி மனம் வந்தது?”

சோர்கா துணியைத் தொட்டுப் பார்த்தாள். கஞ்சி போட்டு விறைப்பாக்கிய மட்டமான கலப்புத் துணி. ஓரத்தில் இருந்ததோ அவள் ஊர்ப் பெயர்.

“யாரிடம் வாங்கினாய்?”

“சந்தையில், கோர்மக்கிடம்.”

கோர்மக் அவளிடம் துணி வாங்கி விற்கும் வியாபாரி. சோர்கா ஊனாவைக் கூட்டிக்கொண்டு நேரே சந்தைக்குப் போனாள். கடையில் அவள் நெய்ததும் கலப்புத் துணியும் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. எல்லாவற்றிலும் ஒரே பெயர்.

“எல்லாம் உன் துணிதான். நெசவு மோசம் என்றால் என்மேல் ஏன் பாய்கிறாய்?” என்றான் கோர்மக். கூட்டம் அவன் பக்கம் தலையாட்டியது.

அப்போது அடுக்கிலிருந்த லினன் வாய் திறந்தது.

“என்னை வேரோடு பிடுங்கினார்கள். குளத்தில் அழுக வைத்தார்கள். கட்டையால் அடித்து, ஆணிச் சீப்பால் வாரினார்கள். புல்வெளியில் போட்டு வெயிலில் வெளுத்தார்கள். அத்தனையும் பொறுத்தேன். இந்தக் கந்தலுக்கு என் பெயரா? அதைப் பொறுக்க மாட்டேன்.”

உடனே பக்கத்திலிருந்த கலப்புத் துணி, “நானும் அத்தனை பாடும் பட்டவள்தான்” என்று இனிமையாகச் சொன்னது.

கோர்மக் சிரித்தான். “துணியின் பேச்சை யார் நம்புவது?”

சோர்கா அந்த இரண்டு துணிகளையும் கைக்கொன்றாகப் பிடித்து, நகம் வெளுக்கும்வரை இறுக்கினாள். லினனின் கோபமும் அவள் கோபத்தோடு சேர்ந்துகொண்டது. இழை இழையாக அது தன்னைத்தானே சுருக்கிக்கொண்டது.

கைகளை விரித்தாள். கலப்புத் துணி வழுவழுவென்று நிமிர்ந்து நின்றது. லினன் முழுக்கக் கசங்கிக் கிடந்தது. தடவினாள், நீவினாள், ஒரு சுருக்கமும் போகவில்லை.

“பொய்யும் என்னைப் போலவே பேசுகிறது. இனி நான் பேசப்போவதில்லை. இந்தச் சுருக்கம்தான் என் அடையாளம்; கசக்கிப் பார்ப்பவர்களுக்குத் தெரிந்தால் போதும்” என்றது லினன். அதுதான் அதன் கடைசிப் பேச்சு.

கூட்டம் ஒவ்வொரு துணியாகக் கசக்கிப் பார்த்தது. நிமிர்ந்து நின்றதையெல்லாம் சேற்றில் எறிந்து, கோர்மக்கை ஊரைவிட்டுத் துரத்தியது.

ஊனா மட்டும் அசையவில்லை. “என் கணவரை இனி யார் மூடுவது?” என்று கேட்டாள்.

அன்று தொடங்கியதுதான் இது: எவ்வளவு அழுத்தித் தேய்த்துப் போட்டாலும், உட்கார்ந்து எழுவதற்குள் லினன் கசங்கிவிடுகிறது. அதன் கோபம் இன்னும் தீரவில்லை.