சந்தைக்குப் போகிற ஆளுக்கு வாய் எப்படி?

“அம்மா, ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். மூணு வாரமா விடாமத் துரத்துதும்மா” என்றார் வையாபுரி சார்.

“எது?” என்று கேட்டார் குரு.

“விளம்பரம்.”

“எதோட விளம்பரம்?”

“அது எதுக்கும்மா இப்ப? துரத்துது. அவ்வளவுதான்.”

குரு தவமணி அம்மாவுக்கு நாற்பத்து நான்கு வயது. சீடர் வையாபுரி சாருக்கு அறுபத்து மூன்று. கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கும் அந்தச் சின்ன மடத்தில் குருவே சீடரை ‘சார்’ என்றுதான் கூப்பிடுவார்.

வேறு எப்படிக் கூப்பிடுவது? முப்பத்திரண்டு வருடம் கணக்கு வாத்தியார். அதில் ஒன்பது வருடம் பொதுத்தேர்வுப் பறக்கும் படையில் போய், பிட் அடித்தவர்களை அள்ளிக்கொண்டு வந்தவர். மடத்தில் சேர்ந்து மூன்று வருடம் ஆகியும் உடம்பு மட்டும்தான் வந்து சேர்ந்திருந்தது. கண் இன்னும் தேர்வு அறையிலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

மடத்தில் பதினொரு பேர். மூன்று கம்ப்யூட்டர். எல்லாவற்றுக்கும் ஒரே இணைய இணைப்பு. சார் ஒரு கம்ப்யூட்டரில் பார்த்ததன் விளம்பரம் மற்ற இரண்டிலும் வந்து பல்லைக் காட்டியது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

குரு மடத்துக்கு வருமுன் கோயமுத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தவர். அவருக்கு இது புதிதில்லை.

“ஒரு ப்ராக்ஸி போட்டுடுங்க சார்.”

“அப்படின்னா?”

“நமக்குப் பதிலா சந்தைக்குப் போயிட்டு வர்ற ஆள்னு வெச்சுக்கங்க. நாம கேக்கற பக்கத்த அது போய் வாங்கிட்டு வரும். வர்ற வழியிலயே விளம்பரத்தையும், நம்மள மோப்பம் புடிச்சுட்டு வர்றதையும் தட்டி விட்டுட்டு, சரக்க மட்டும் கொண்டாந்து குடுக்கும்.”

“அடடா! இதல்லவா வேணும்!”

“ஒண்ணு மட்டும் பார்த்துக்கங்க. அந்த ஆளுக்கு வாய் எப்படின்னு.”

“அதுக்கு ஏதும்மா வாய்? பொட்டிதானே?”

குரு சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டார்.

*

சாமான் அறையில் கிடந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றைச் சார் தூசி தட்டி எடுத்தார். குரு சொன்ன மென்பொருளை அதில் ஏற்றினார். மூன்று கம்ப்யூட்டர்களும் இனி வெளியே போவதென்றால் இந்தப் பெட்டி வழியாகத்தான் போக வேண்டும் என்று கட்டி வைத்தார்.

எந்தெந்த முகவரிகளைத் தடுக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் கூடவே வந்தது. சாருக்கு அது போதவில்லை. பறக்கும் படை ஆயிற்றே. சொந்தமாக நானூறு வரி சேர்த்தார்.

பிறகு குருவைக் கூப்பிட்டுக் காட்டினார். திரையில் ஒன்றுமே வரவில்லை. வெள்ளை.

குரு திரைக்கு முன் சம்மணம் போட்டு உட்கார்ந்து வெகுநேரம் அதையே பார்த்தார்.

“ரொம்ப நல்லா இருக்குது சார். தியானத்துக்கு வெச்சுக்கலாம். ஆனா நாமக்கல் பஸ் எத்தனை மணிக்குன்னு யார்கிட்ட கேக்கறது?”

சார் நான்கு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தளர்த்தினார். ஐந்தாம் நாள் காலை தோட்டக்காரர் சென்னியப்பன் மழை வருமா என்று பார்க்க வந்தார். திரையில் மழை மட்டும் இருந்தது. ஓரத்தில் ஒன்றும் ஆடவில்லை, ஒன்றும் மின்னவில்லை.

“ஏனுங்க சார், தினமும் ஒரு ஆளு இங்க சிரிச்சுட்டு நிப்பானே, அவன் எங்க?”

பக்கத்தில் நின்ற சமையல்காரர் பாவாயி சென்னியப்பனின் விலாவில் ஒரு இடி இடித்தார்.

“துரத்திட்டேன்” என்றார் சார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

*

அந்தப் பெட்டிக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்தக் கம்ப்யூட்டர், எத்தனை மணிக்கு, எந்தத் தளத்துக்குப் போனது என்று தானாக ஒரு குறிப்பேடு எழுதிக்கொண்டே இருந்தது.

அதைப் படியுங்கள் என்று சாரிடம் யாரும் சொல்லவில்லை. படிக்காதீர்கள் என்றும் சொல்லவில்லை. காலைக் காப்பியோடு அதை எடுத்து வைத்துக்கொள்வார். ஒரே வாரத்தில் யார் ஜோசியம் பார்க்கிறார், யார் சேவல் சண்டை பார்க்கிறார், எல்லாம் அவருக்கு அத்துப்படி. பெட்டிக்குள் பழைய தேர்வு அறையே திரும்பி வந்த மாதிரி இருந்தது. மனிதருக்குப் பத்து வயது குறைந்துபோயிற்று.

அதில் ஒரு வரி தினமும் வந்தது. பிற்பகல் மூன்று மணி, சமையலறைப் பக்கத்துக் கம்ப்யூட்டர், பத்தாம் வகுப்பு கணக்குக்கான பழைய வினாத்தாள்கள்.

மூன்று மணிக்கு அந்தப் பக்கம் இருப்பது ஒரே ஆள்தான். சார் காலண்டரைப் பார்த்தார். தனித்தேர்வுக்கு இன்னும் இருபத்திரண்டு நாள். அவருக்கு உள்ளம் பூரித்துப்போயிற்று. அது பொய்யில்லை, உண்மையான சந்தோஷம்.

அன்று சாயங்காலம் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்ததும் எழுந்து நின்றார்.

“எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க! நம்ம பாவாயி பத்தாவது பரீட்சை எழுதப் போகுது! நாற்பத்தெட்டு வயசுல! கை தட்டுங்க!”

கை தட்டினார்கள். பாவாயி ரசக் கரண்டியோடு நின்றிருந்தார். கரண்டியைப் பாத்திரத்துக்குள் விட்டார். உள்ளே போனவர் வெளியே வரவில்லை. ரசத்தை அவரவரே ஊற்றிக்கொண்டார்கள்.

*

மறுநாள் மூன்று மணிக்கு அந்தக் கம்ப்யூட்டர் அணைந்தே கிடந்தது. அதற்கு மறுநாளும் அப்படித்தான்.

மூன்றாம் நாள், வெந்நீர் அடுப்புக்குப் பாவாயி காகிதம் கிழித்துப் போடுவதைச் சார் பார்த்தார். நோட்டுத் தாள்கள். கிட்டே போய்ப் பார்த்தார். அத்தனையும் கணக்கு. அத்தனையும் சரியான விடை. எரிந்துகொண்டிருந்தது.



“ஏம்மா இப்படிப் பண்றே?”

“நான் எழுதலீங்க சார்.”

“நான் சொல்லித் தரேன்மா. கணக்கு வாத்தியார் நான்.”

“வேண்டாமுங்க.”

“நான் நல்லதத்தானே சொன்னேன்?”

பாவாயி அடுப்பைக் கிளறிவிட்டார்.

“நல்லதுதானுங்க. ஆனா அது என்னோட நல்லதுங்க சார். பதினாறு வயசுல கணக்குல பெயிலானேன். அடுத்த மாசமே கட்டிக் குடுத்துட்டாங்க. இந்த வாட்டியும் பெயிலாப் போனா, நான் பாட்டுக்கு ஒரு மூலையில அழுதுட்டு, சோத்த வடிச்சு வெச்சுட்டுப் போயிருப்பேன். இப்பப் பத்துப் பேருக்குப் பதில் சொல்லோணும். எனக்கு அந்தத் தெம்பு இல்லீங்க.”

சார் நேராகக் குருவிடம் போனார்.

“அம்மா, பாவாயி எழுத மாட்டேங்குது. என்னாலதான். ஆனா நான் என்ன தப்புப் பண்ணேன்னுதான் விளங்கல.”

“நாளைக்கு வியாழக்கிழமை” என்றார் குரு. “சந்தை. உங்க சீட்டச் சென்னியப்பன்கிட்ட குடுத்து விடுங்க.”

*

வியாழக்கிழமைதோறும் மடத்துக்கு எல்லாம் சென்னியப்பன்தான் சந்தைக்குப் போவார். யாருக்கு என்ன வேண்டுமோ சீட்டில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். தங்கமான மனிதர். ஒரு பொருள் மாறாது. ஒரே ஒரு குறைதான். திரும்பி வந்ததும் முற்றத்தில் நின்று, தொண்டை கிழிய ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கொடுப்பார்.

“மூட்டுவலித் தைலம், ராக்கியண்ணன்! பேன் சீப்பு, மல்லிகாக்கா!”

மலைக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும்.

மூன்று வருடத்தில் சார் மட்டும் ஒரு தடவைகூடச் சீட்டுக் கொடுத்ததில்லை. உச்சி வெயிலில் ஆறு கிலோமீட்டர் நடந்து தானே போய் வருவார். நடந்தால் உடம்புக்கு நல்லது என்பார்.

“நானே நடந்து போயிக்கறேன்மா.”

“நாளைக்கு உங்களுக்கு இங்க வேலை இருக்குது. எழுதுங்க.”

குரு காகிதமும் பென்சிலும் கொடுத்தார். சார் உட்கார்ந்தார்.

சோப்பு என்று எழுதினார். அதற்கு மேல் பென்சில் நகரவில்லை.

அவருக்கு வேண்டியிருந்தது சோப்பு இல்லை. டை. மீசைக்கு அடிக்கிற கறுப்பு டை. நாற்பத்தேழு வயதிலேயே அவர் மீசை நரைத்துவிட்டது. பதினாறு வருடமாக, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, கதவைத் தாழ் போட்டுக்கொண்டு அடித்து வருகிறார். கையில் இருந்தது போன வாரம் தீர்ந்துவிட்டது. அது தீருவதற்கு வெகு முன்பே, புதிதாக ஒன்று நல்லதாக வந்திருக்கிறதா என்று ஒரே ஒரு தடவை கம்ப்யூட்டரில் பார்க்கப் போய்த்தான் அந்த விளம்பர மீசைக்காரன் மூன்று வாரம் துரத்தினான்.

வெளியே சென்னியப்பன் மாட்டை அதட்டும் சத்தம் கேட்டது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது.

சார் பென்சிலைக் கீழே வைத்தார்.

“அம்மா.”

குரு நிமிர்ந்து பார்த்தார்.

“அந்தப் பொட்டிக்கு ஏது வாய்னு கேட்டேனேம்மா.”

“கேட்டீங்க.”

“அதுக்கு வாய வெச்சு விட்டது நான்தாம்மா.”

குரு காகிதத்தை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்.

“பாவாயி கொல்லையில இருக்குது” என்றார்.

*

பாவாயி புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். சார் எதிரில் போய் நின்றார். பள்ளிக்கூடத்தில் அவர் முன்னால் எத்தனையோ பிள்ளைகள் நின்ற மாதிரி, கையைக் கட்டிக்கொண்டு.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. உலகத்துல யாருக்கும் தெரியாது. என் மீசை கறுப்பு இல்ல. பதினாறு வருஷமா டை அடிக்கிறேன்.”

பாவாயி நிமிர்ந்து மீசையைப் பார்த்தார். உதட்டைக் கடித்தார். அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. சிரித்த சிரிப்பில் முறம் சாய்ந்து புளியங்கொட்டை எல்லாம் உருண்டோடியது.

“அது எல்லாத்துக்குந் தெரியுமுங்க சார்!”

“எல்லாருக்கும்னா?”

“உங்க தலகாணி உறைய யாருங்க தொவைக்கறது? அந்தக் கறை சீயக்காய் போட்டாலும் போகாது. அதுவும் இல்லாம, கம்ப்யூட்டரத் தொறந்தா அந்த மீசைக்காரன்தானுங்களே நின்னான்!”

“சென்னியப்பனுக்குமா?”

“அண்ணனுக்குத்தானுங்க மொதல்ல தெரியும். டை விக்கற சந்தைக் கடைக்காரரு அவருக்குப் பங்காளி.”

“எப்ப இருந்து?”

“நீங்க வந்த மொத மாசத்துல இருந்து.”



“மூணு வருஷம். ஒருத்தர்கூட ஒரு வார்த்தை சொல்லலையேம்மா.”

பாவாயி புளியங்கொட்டையைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்.

“எதுக்குங்க சார் சொல்லோணும்?”

சாருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை பேர் இத்தனை நாள் தன்னைப் பொத்தி வைத்திருந்தார்கள் என்ற சந்தோஷமும், தான் பண்ணியது என்ன என்ற வெட்கமும் ஒரே நேரத்தில் வந்தால் மனிதர் என்னதான் செய்வார்? அவரும் குனிந்து கொட்டை பொறுக்கினார்.

*

பிறகு பாவாயியைச் சாமான் அறைக்குக் கூட்டிப்போனார்.

“இத பாரும்மா. குறிப்பேட்ட முழுசா அழிச்சுட்டேன். இனிமே எழுதாதேன்னும் சொல்லி வெச்சுட்டேன். விளம்பரத்த மட்டும் தடுக்கும். ஆனா நான் மறுபடி தொறந்து எழுத விட மாட்டேன்னு என்ன நிச்சயம்? எனக்கே என் மேல நம்பிக்கை இல்ல.”

விசைப்பலகையைப் பாவாயி பக்கம் தள்ளினார்.

“இந்தப் பொட்டியோட கடவுச்சொல்ல நீயே மாத்திடு. எனக்குச் சொல்லாதே.”

சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். பரீட்சை அறையில் வாழ்நாள் முழுக்க ஒரு தடவைகூட முதுகைக் காட்டாத மனிதர்.

ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டும் சத்தம் கேட்டது. நீளமான கடவுச்சொல்தான்.

அன்றிலிருந்து தடுப்புப் பட்டியலில் ஒரு வரி சேர்க்க வேண்டுமென்றாலும் சார் சமையலறை வாசலில் போய் நின்று, “பாவாயி, கொஞ்சம் தொறந்து விடறியாம்மா?” என்று கேட்க வேண்டியதாயிற்று. “சட்டி இறக்கிட்டு வரேனுங்க” என்று பதில் வரும். காத்திருப்பார்.

தினமும் மூன்று மணி ஆனால் சமையலறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தோட்டத்தின் அந்தக் கோடியில் போய்க் களை பிடுங்குவார். களை எது, கொத்தமல்லி எது என்று அவருக்குத் தெரியாது. சென்னியப்பன் தலையில் அடித்துக்கொண்டார். வாய் மட்டும் திறக்கவில்லை.

*

பரீட்சை நாள் வந்தது.

விடியற்காலையில் சார் வாசல் தெளிக்கப் போனார். சாலையில் முதல் பஸ் நின்றுகொண்டிருந்தது. நல்ல சேலை கட்டிய ஒரு பெண் அதில் ஏறினார். கையில் கண்ணாடி மாதிரிப் பை, உள்ளே இரண்டு பேனா. அந்தப் பையை நூறு கெஜத்துக்கு அப்பால் பார்த்தாலும் சாருக்கு அடையாளம் தெரியும்.

அவர் சட்டென்று திரும்பி வேப்பமரத்தைப் பார்த்தார். பஸ் கிளம்பிச் சத்தம் ஓயும்வரை வேப்பமரத்தையே பார்த்தார். பிறகுதான் வாளியை எடுத்தார்.

அன்று சமையல் குரு. உப்புமா. அடி பிடித்திருந்தது. எல்லாரும் இலை முன் உட்கார்ந்தார்கள்.

“பாவாயி எங்க போயிருக்குதுன்னு யாருக்காச்சும் தெரியுமா?” என்று கேட்டார் குரு.

“எனக்குத் தெரியாது!” என்று சென்னியப்பன் போட்ட சத்தத்தில் காக்கை பறந்தது.

எல்லாரும் வையாபுரி சாரைப் பார்த்தார்கள். சாரின் மீசை பாதி வெளுத்திருந்தது. அவர் ஒரு வாய் உப்புமாவை எடுத்து நிதானமாக மென்று விழுங்கினார்.

“தெரியலீங்கம்மா. உப்புமா கருகியிருக்குது. அது ஒண்ணுதான் தெரியுது.”

குரு எழுந்து வந்தார்.

“அப்ப இன்னொரு கரண்டி போட்டுக்கங்க சார்.”